உட்கரு தட்டுகிறது

பூமி உட்கரு ஆராய்ச்சி நிலையத்தில் எதையும் நேரில் பார்க்கக் கூடாது. வாசல் வளைவில் ஆளுயர எழுத்தில் 'காணாமலே அறிவோம்' என்று பொறித்து, அதன் கீழே இரண்டு காவலாளிகளை நிறுத்தியிருக்கிறார்கள். அவர்களும் உள்ளே வருகிறவர்களைப் பார்ப்பதில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, காலடிச் சத்தத்தை வைத்து ஆளை எடைபோட்டு உள்ளே விடுவார்கள்.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு நியாயம் உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது. பூமியின் நட்டநடுவில் இருக்கும் உட்கருவை இதுவரை எவனும் பார்த்ததில்லை. நிலநடுக்கம் வந்தால் அதன் அலைகள் பூமிக்குள் புகுந்து மறுபக்கம் வெளிவருகின்றன. எந்த அலை வேகமாக வந்தது, எது வளைந்து வந்தது, எது வராமலே போனது என்பதை வைத்துத்தான் உள்ளே இருப்பது இன்னது என்று கண்டுபிடித்தார்கள். அபாரமான வேலை. அதைச் செய்தவர்கள் யாரும் இந்த நிலையத்தில் இல்லை. இங்கே இருந்தவர்கள் செய்ததெல்லாம், அந்த வழிமுறையைக் கேன்டீன் வரைக்கும் கொண்டுபோனதுதான்.

கேன்டீனுக்குப் பால் வந்தால் கேனைத் திறக்க மாட்டார்கள். வெளியே இரண்டு தட்டு தட்டிவிட்டு, 'நல்ல கெட்டிப் பால்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். பாதி நாள் அது காலிக் கேன். வேலைக்கு ஆள் எடுக்கும்போது வந்தவரை அடுத்த அறையில் உட்காரவைத்து இருமச் சொல்வார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் குழுவினர் காதை வைத்துக் கேட்டு மதிப்பெண் போடுவார்கள். இயக்குநரின் சொந்தக்காரர்களுக்கு மட்டும் இருமல் எப்போதும் பிரமாதமாக வந்தது.

நிலையத்துக்குள் இரண்டு கட்சிகள் இருந்தன. உட்கரு சூரியனின் மேற்பரப்பைப் போலக் கொதிக்கிறது. ஆனாலும் மேலே இருக்கிற பாரம் அத்தனையும் சேர்ந்து நெருக்குவதால் அங்கே இரும்புக்கு உருக வழியில்லை, திடமாகவே கிடக்கிறது. இது பள்ளிக்கூடப் பாடத்திலேயே இருக்கிறது. கெட்டிப் பிரிவின் தலைவர் இந்த ஒரு பாடத்தை வைத்துக்கொண்டே இத்தனை காலமும் சம்பளம் வாங்கியவர். இளகல் பிரிவின் தலைவியோ, திடம்தான், ஆனால் முழுத் திடம் இல்லை, அலைகள் அதற்குள் தயங்கித் தயங்கிப் போகின்றன, ஆகவே அது வெண்ணெய்போல இளகிய திடம் என்று சொல்பவர். இரண்டு பேரும் ஒரே லிஃப்டில் ஏற மாட்டார்கள். இரும்பும் கொஞ்சம் நிக்கலும் மட்டும்தான் என்றால் உட்கரு இன்னும் கனமாக இருக்க வேண்டும், கணக்கு உதைக்கிறது, ஏதோ ஒரு லேசான பொருளும் கலந்திருக்கிறது என்பதில் மட்டும் இருவருக்கும் உடன்பாடு. எந்தப் பொருள் என்று கேட்டால் மறுபடியும் அடிதடி. அவர் சிலிக்கான் என்பார், இவர் ஹைட்ரஜன் என்பார்.

இப்படிப்பட்ட இடத்துக்கு ஒரு தையல்காரர் ஏன் போனார் என்று கேட்பீர்கள். கயிறு பிடிக்கப் போனார்.

ஒரு நாள் காலை, இயக்குநர் உடம்பு முழுக்கச் சோப்பு போட்டுக்கொண்டு நின்ற நேரத்தில் குழாயில் தண்ணீர் நின்றுபோனது. குழாயைத் தட்டிப் பார்த்துத் தண்ணீர் இல்லை என்பதை விஞ்ஞான முறையில் உறுதி செய்துகொண்டு, துண்டால் துடைத்துவிட்டு அலுவலகத்துக்கு வந்துவிட்டார். வளாகத்துக் கிணற்றில் மோட்டார் பழுது. பம்பு மெக்கானிக்குக்குச் சொல்லியனுப்பினார்கள். மெக்கானிக்கோடு வழக்கமாக வரும் ஆளுக்குக் காய்ச்சல். அதனால் அவர் தன் மனைவியின் அண்ணனான தையல்காரரைக் கடையிலிருந்து கிளப்பிக்கொண்டு வந்தார்.

"சும்மா கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க மச்சான், போதும். அரைமணி நேர வேலை. பாதி தைச்ச கால்சட்டை எங்கயும் ஓடிடாது."

அது பழைய கிணறு. செங்கல் வைத்துக் கட்டியது. நாற்பதடி ஆழத்தில் ஓர் இரும்பு மேடை போட்டு அதன்மேல் மோட்டாரை வைத்திருந்தார்கள். மேடைக்கு அடியிலிருந்து கிணற்று விளிம்புவரை ஒரு பழைய இரும்புக் குழாய், கை நுழையும் அகலத்தில் ஓடியது. மெக்கானிக் இறங்கி மேடையில் கால் வைத்து, "மோட்டாருக்கு ஒண்ணும் ஆகல மச்சான், ஒயர்தான்" என்று சொன்னார். அடுத்த நொடி கிணற்றின் ஒரு பக்கச் சுவர் அப்படியே சரிந்தது. கயிறு தையல்காரர் கையைக் கிழித்துக்கொண்டு ஓடியது. மண்ணும் செங்கல்லும் புழுதியுமாகக் கிணறு பாதி மூடிக்கொண்டது.

தையல்காரர் தலையில் அடித்துக்கொண்டு கத்தினார். அப்போது அந்தக் குழாய்க்குள்ளிருந்து மெக்கானிக்கின் குரல் வந்தது. 

"மச்சான்... கத்தாதீங்க. மேடைக்கு அடியில ஒண்டிக்கிட்டேன். கால் மாட்டிக்கிச்சு. காத்து இந்தக் குழாய் வழியாத்தான் வருது. ஆளைக் கூட்டிட்டு வாங்க. பேசினா மூச்சு வாங்குது, அதனால நான் ஸ்பானரால குழாயைத் தட்டறேன். மூணு தட்டு கேட்டா உயிரோட இருக்கேன்னு அர்த்தம்."

டங், டங், டங் என்று மூன்று தட்டு கேட்டது. தையல்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எழுந்து நிர்வாகக் கட்டடத்தைப் பார்த்து ஓடினார்.

நிர்வாக அதிகாரி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். வருகிறவர்களுக்கு அவருடைய முதுகுதான் கிடைக்கும்.

"சார், கிணறு சரிஞ்சுடுச்சு! எங்க மாப்பிள்ளை உள்ள மாட்டிக்கிட்டாரு சார்!"

"எவ்வளவு ஆழத்துல?"

"நாப்பதடி இருக்கும் சார்."

"அப்ப நீங்க தப்பான இடத்துக்கு வந்துட்டீங்க. எங்க எல்லை ஐயாயிரத்து நூத்தைம்பது கிலோமீட்டர்லதான் ஆரம்பிக்குது. நாப்பதடிங்கறது மேலோடு. மேலோட்டுத் துறையைப் போய்ப் பாருங்க."

"அது எங்க சார் இருக்கு?"

"தெரியாது. நாங்க பார்த்ததில்ல."

"கிணறு உங்க வளாகத்துலதானே சார் இருக்கு?"

"வளாகம் எங்களது. ஆழம் எங்களது இல்ல."

தையல்காரர் அந்த மேசையிலிருந்த தொலைபேசியை எடுத்துத் தீயணைப்பு நிலையத்துக்குச் சொன்னார். அதிகாரி தடுக்கவில்லை. யார் பேசுகிறார்கள் என்று அவர் பார்க்கவில்லையே. வண்டியும் சீக்கிரமே வந்தது. ஆனால் வாசல் வளைவோடு நின்றுவிட்டது. விபத்து நடந்ததாக நிர்வாகத்திடமிருந்து கடிதம் வந்தால்தான் வண்டியை விடுவோம் என்றார்கள் காவலாளிகள். விபத்தைத் தான் பார்க்கவில்லை, பார்க்காததற்கு எப்படிக் கடிதம் கொடுப்பது என்றார் அதிகாரி. தீயணைப்புக்காரர்கள் வண்டியிலிருந்து இறங்கி வளைவு நிழலில் நின்றார்கள். வேறென்ன செய்வார்கள்?

தையல்காரர் திரும்பிக் கிணற்றுக்கு ஓடினார். கேன்டீன்காரம்மா ஒரு மண்வெட்டியையும் இரண்டு பெரிய பாத்திரங்களையும் தூக்கிக்கொண்டு வந்தார். அந்த வளாகத்தில் மனிதப் பிறவி என்று சொல்லத்தக்கவர் அவர் ஒருவர்தான். இரண்டு பேரும் கிணற்றுக்குள் கொட்டிக் கிடந்த மண்ணில் இறங்கி நின்று வாரி வாரி வெளியே போட்டார்கள். நடுநடுவே மேலே ஏறிக் குழாய்க்குள் வாயை வைத்து, "வந்துக்கிட்டிருக்கோம் மாப்ள!" என்று தையல்காரர் கத்துவார். மூன்று தட்டு கேட்கும். மறுபடி மண்வெட்டியை எடுப்பார்.

அந்தத் தட்டு வேறொரு இடத்திலும் கேட்டது. நிலையத்தின் கருவி அறையில் ஒரு முள் இருந்தது. அது காகித உருளையின்மேல் இத்தனை வருஷமாக நேர்க்கோடு மட்டும் போட்டுக்கொண்டிருந்தது. அன்று அது துள்ளியது. மூன்று துள்ளல், இடைவெளி, மறுபடி மூன்று துள்ளல். அறையிலிருந்தவர்கள் நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு ஓடினார்கள். கெட்டிப் பிரிவின் தலைவரும் இளகல் பிரிவின் தலைவியும் முதல் முறையாக ஒரே லிஃப்டில் வந்து இறங்கினார்கள். காகிதத்தைப் பார்க்கலாம், அதற்குத் தடையில்லை.

சமிக்ஞை எங்கிருந்து வருகிறது என்று தேடிக்கொண்டு ஒரு கூட்டம் கிணற்றடிக்கு வந்தது. எல்லாரும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி வந்தார்கள். கெட்டித் தலைவர் குழாயின் மேல் காதை வைத்தார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

"என்ன துல்லியம்! என்ன ஒழுங்கு! இளகின பொருளுக்கு இந்த ஒழுங்கு வருமா? கெட்டி, சுத்தக் கெட்டி!"

"இடைவெளியைக் கவனிங்க," என்றார் தலைவி. "தட்டுக்கு நடுவுல ஒரு தயக்கம் இருக்கு. தயங்குதுன்னா இளகியிருக்குன்னு அர்த்தம்."

தையல்காரர் மண்ணோடு மண்ணாக எழுந்து நின்றார். "சார், அம்மா, அது எங்க மாப்பிள்ளை. உள்ள மாட்டிக்கிட்டு ஸ்பானரால தட்டறாரு."

"அவர் தட்டறதை நீங்க பார்த்தீங்களா?"

"எப்படி சார் பார்க்க முடியும்? அவர் கீழ இருக்காரு."

"அப்ப அது உங்க ஊகம்," என்றார் கெட்டித் தலைவர் கனிவாக. "ஊகம் பண்றதுல தப்பே இல்ல. நாங்களும் அப்படித்தான் ஆரம்பிச்சோம். ஆனா அதை உண்மைன்னு சொல்லிக்கிட்டுத் திரியக் கூடாது பாருங்க."

உடனே கிணற்றைச் சுற்றிக் கயிறு கட்டி, அமைதி மண்டலம் என்று அட்டை தொங்கவிட்டார்கள். மண் வாரும் சத்தம் காகிதத்தில் கலக்கிறதாம். மண்வெட்டியைப் பிடுங்கினார்கள். பாத்திரங்கள் கேன்டீன் சொத்து என்று கைப்பற்றினார்கள். பிறகு கருவி அறையிலிருந்து உணர்கருவி ஒன்றைக் கொண்டுவந்து குழாயின் வாயில் வைத்துத் திருகினார்கள். காற்று உள்ளே போனால் பதிவு கெடும் என்று சுற்றிலும் ரப்பர் வைத்து இறுக்கினார்கள்.

தையல்காரர் அவர்கள் காலில் விழுந்தார். "சார், அதுதான் சார் அவருக்கு மூச்சு! அதை அடைச்சுடாதீங்க சார்!"

"உட்கரு மூச்சு விடும்னு இதுவரைக்கும் எந்த ஆராய்ச்சியும் சொல்லல," என்றார் தலைவி. "இயக்குநர் கையெழுத்துப் போட்டா கழட்டறோம். அவர் அரங்கத்துல பேசிக்கிட்டிருக்கார்."

இதற்குள் மெக்கானிக்கின் மனைவி செய்தி கேட்டு ஓடி வந்துவிட்டாள். கயிற்றைத் தாண்டப் போனவளை நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். அவள் மண்ணில் விழுந்து அலறினாள். கருவி அறையிலிருந்து ஓர் ஆள் அவசரமாக வந்து தையல்காரரிடம் சொன்னான். "அவங்களைக் கொஞ்சம் தள்ளிப் போய் அழச் சொல்லுங்க. அழுகை காகிதத்துல ஏறுது."

தையல்காரர் அரங்கத்துக்கு ஓடினார். அங்கே பத்திரிகைக்காரர்களும் கேமராக்களும் நிரம்பியிருந்தன. உணர்கருவியிலிருந்து ஒயர் இழுத்து ஒலிபெருக்கியில் கொடுத்திருந்தார்கள். டங், டங், டங் என்று அரங்கமே அதிர்ந்தது. இயக்குநர் மேடையில் நின்றார். கழுவாத சோப்பு அவர் கழுத்தில் காய்ந்து வெள்ளையாகப் பூத்திருந்தது.

"நண்பர்களே! இந்த நிலையம் இத்தனை ஆண்டுகளாக என்ன செய்தது என்று சிலர் கேட்டார்கள். ஒன்றும் செய்யவில்லை என்று பெருமையோடு சொல்கிறேன். செய்திருந்தால் தவறு நேர்ந்திருக்கும். நாம் எங்கும் போகவில்லை, எதையும் தொடவில்லை, யாரையும் பார்க்கவில்லை. பொறுமையாகச் சம்பளம் பெற்றுக்கொண்டு காத்திருந்தோம். இன்று உட்கருவே நம்மைத் தேடி வந்து கதவைத் தட்டுகிறது! மற்ற நாடுகள் அலைகளுக்காக நிலநடுக்கத்தை எதிர்பார்த்திருக்கின்றன. வீடுகள் இடிய வேண்டும், மனிதர்கள் சாக வேண்டும், பிறகுதான் அவர்களுக்குத் தகவல் கிடைக்கும். நமக்கோ ஒருவரும் சாகாமல் கிடைத்திருக்கிறது!"

கைத்தட்டல் எழுந்தது. அதே நேரத்தில் ஒலிபெருக்கியில் தட்டு வேகம் பிடித்தது. மூன்று மூன்றாக வந்ததெல்லாம் போய், தாறுமாறாக, நிற்காமல் வந்தது. தையல்காரர் மேடை ஏறி ஓடினார்.

"சார், கையெழுத்துப் போடுங்க சார்! மூச்சு முட்டுது சார் அவருக்கு!"

இயக்குநர் அவர் தோளில் கைபோட்டுக் கேமராக்கள் பக்கம் திருப்பினார். "இதோ, உட்கருவின் குரலை முதன்முதலில் கேட்ட எளிய மனிதர்! இவர் கண்ணீரைக் குறித்துக்கொள்ளுங்கள். விஞ்ஞானம் சாமானியனையும் அழவைக்கும்." யாரோ ஒரு பூங்கொத்தைத் தையல்காரர் கையில் திணித்தார்கள். பளிச் பளிச்சென்று படம் எடுத்தார்கள். மறுநாள் பத்திரிகைகளில் அந்தப் படம்தான் வந்தது. வாயைத் திறந்துகொண்டு பூங்கொத்தோடு நிற்கிறார்.

கெட்டித் தலைவர் அவரை மேடை ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். காதோடு காதாகப் பேசினார்.

"இதோ பாருப்பா. எங்களுக்குத் தெரியாதுன்னு நினைக்கறியா? ஸ்பானர் சத்தம் எனக்குத் தெரியாதா? என் வீட்டுலயும் குழாய் இருக்கு."

 "தெரிஞ்சேவா சார்..."

"அறிக்கை போயிடுச்சு. பன்னிரண்டு மணிக்கே உலகம் பூரா அனுப்பிட்டாங்க. இனிமே அது ஒரு ஆள்னு சொன்னா நாங்க எங்க போறது? நான் ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான் இருக்கு. நீயும் பிள்ளைகுட்டிக்காரன், புரிஞ்சுக்க."

புரிந்துகொள்ளச் சொல்கிறான் பாருங்கள். இத்தனை நேரம் இவர்களை முட்டாள்கள் என்று எழுதிக்கொண்டு வந்தேன். முட்டாள்களாக இருந்திருந்தால் மன்னித்திருக்கலாம்.

ஒலிபெருக்கியில் தட்டு தளர்ந்தது. இரண்டு கேட்டது. நீண்ட இடைவெளிக்குப் பிறகு ஒன்று கேட்டது. அரங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. அடுத்தது வரவே இல்லை.

கெட்டித் தலைவர் ஒலிவாங்கிக்குப் போய்த் தொண்டையைச் செருமினார். "உட்கரு முழுத் திடநிலையை அடைந்துவிட்டது," என்றார். இளகல் தலைவி தோல்வியைப் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டு அவருக்குக் கைகொடுத்தார். எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

தகவல் முடிந்துவிட்டதால் கிணற்றைத் தோண்ட அனுமதி கிடைத்தது. தீயணைப்புக்காரர்கள் பொழுது சாய்வதற்குள் மெக்கானிக்கை எடுத்துவிட்டார்கள். உடம்பில் பெரிய காயம் இல்லை. வாய் மட்டும் குழாயின் அடிமுனையில் பதிந்திருந்தது. பிரித்தெடுக்க வேண்டியிருந்தது.

தையல்காரர் போகாத அலுவலகம் இல்லை. காவல் நிலையத்தில் கேட்டார், ஆராய்ச்சி நிலையத்திலும் கேட்டார். பதில் தெளிவாக இருந்தது. சுவர் சரிந்த அந்த நொடியிலேயே மெக்கானிக் இறந்துவிட்டார். அதற்குப் பிறகு கேட்டதெல்லாம் உட்கரு. ஒரே குழாயில் இரண்டு பேர் தட்ட முடியாது, ஆகவே விஞ்ஞானப்படி இதுதான் முடிவு. கேன்டீன்காரம்மா, தன் காதாலேயே கேட்டதாகச் சொல்லிப் பார்த்தார். அவருக்கு வேலை போனது.

இதற்கிடையில் நிலையத்துக்கு ஒரு சங்கடம் முளைத்தது. தட்டும் உட்கருவைக் கேட்க வேண்டும் என்று வெளிநாட்டு நிபுணர்கள் கிளம்பி வருவதாக எழுதினார்கள். உட்கருவோ செத்துக் கிடந்தது. இயக்குநர் குழு கூட்டினார். குழு ஒரு நல்ல முடிவுக்கு வந்தது. நிர்வாக அதிகாரி மெக்கானிக் வீட்டுக்கே நேரில் வந்து, வாசலில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு சொன்னார்.

"பணியிடத்துல இறந்தவரோட குடும்பத்துக்குக் கருணை அடிப்படையில வேலை குடுக்கறதுன்னு நிலையம் முடிவு பண்ணியிருக்கு. 'உட்கரு உதவியாளர், இரண்டாம் நிலை.' தினமும் காலையில கிணத்துல இறங்கிக் குழாயைத் தட்டணும். கஷ்டமான வேலை இல்ல. கிணத்தைச் சீர்பண்ணி ஏணி வெச்சிருக்கோம். அவர் சுவர் சரிஞ்சப்பவே போயிட்டாருன்னு மட்டும் எழுதிக் குடுத்துடணும், அவ்வளவுதான்."

தையல்காரர் கையில் கிடைத்த கத்தரிக்கோலோடு எழுந்தார். தங்கை அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

அதிகாரி போனபிறகு அவள்தான் முதலில் பேசினாள்.

"ரெண்டு பொண்ணுங்க இருக்கு அண்ணே. வாடகை இருக்கு."

"நான் இல்லையா? நான் பார்த்துக்க மாட்டேனா?"

"நீ பார்ப்பே. உன் வீட்டுல நாலு பேர். எத்தனை நாளைக்குப் பார்ப்பே?"

"அவரு உடனே போயிட்டாருன்னு எழுதிக் குடுப்பியா? நீ கேட்டியேம்மா. நானும் கேட்டேனே."

"கேட்டேன்," என்றாள் அவள். "அதனாலதான் போறேன். அங்க என்ன இருந்துச்சுன்னு நான் பார்க்கணும். அந்தப் பாவிங்க யாரும் பார்க்கப் போறதில்ல."

எழுதிக் கொடுத்தாள். அன்றைக்கு அவள் வீட்டில் அடுப்பு எரியவில்லை.

மறுநாளிலிருந்து இறங்கினாள். ஏணி இருந்தாலும் இடுப்பில் கயிறு கட்டி மேலே தையல்காரர் பிடித்துக்கொண்டு நின்றார். வேறு யாரையும் நம்பிக் கயிற்றைக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. கடையைப் பிற்பகலில்தான் திறந்தார். நிலையம் மறுபடி களைகட்டியது. முள் துள்ளியது. திடமாகிவிட்ட உட்கரு மறுபடி எப்படித் தட்டுகிறது என்று ஒரு கேள்வி எழுந்தபோது, இளகல் தலைவிக்குப் பழைய தெம்பு திரும்பியது. அறிக்கைமேல் அறிக்கை வந்தது. உட்கரு ஞாயிற்றுக்கிழமைகளிலும் அரசு விடுமுறை நாட்களிலும் ஓய்வெடுக்கிறது என்றும், மதியம் ஒரு மணி நேரம் அதன் செயல்பாடு அடங்கிவிடுகிறது என்றும் கண்டுபிடித்தார்கள். இளைய பெண்ணுக்கு அம்மை போட்டு அவள் விடுப்பில் இருந்த வாரத்தை, 'உட்கருவின் நெடுந்துயில்' என்று ஒரு தனி நூலாகவே போட்டார்கள்.

வெளிநாட்டு நிபுணர்கள் வந்த நாளில் அரங்கத்தில் உட்கார இடமில்லை. மூன்று தட்டு, இடைவெளி, மூன்று தட்டு, அதற்குமேல் எதுவும் வேண்டாம் என்று அவளுக்குச் சொல்லியனுப்பியிருந்தார்கள். அரங்கத்தில் நடப்பது வளாகம் முழுக்கக் கேட்கட்டும் என்று கிணற்றடியில்கூட ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். தையல்காரர் அதன் அடியில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவள் மூன்று தட்டினாள். இடைவெளி விட்டாள். மறுபடி மூன்று தட்டவில்லை. குழாயின் அடிமுனையில் வாயை வைத்தாள்.

"உள்ள இருந்தது என் வீட்டுக்காரர்! உயிரோட இருந்தாரு! தட்டித் தட்டிச் சொன்னாரு! நீங்கதான்டா மூடிக் கொன்னீங்க! அத்தனை பேரும் கேட்டுக்கிட்டே உட்கார்ந்திருந்தீங்க! பாவிகளா, இப்பவாவது எழுந்து வந்து பாருங்கடா!"

அரங்கத்தின் பெரிய ஒலிபெருக்கிகளில் அந்தக் குரல் இடிபோல விழுந்தது. ஒருவரும் அசையவில்லை. வந்திருந்த நிபுணர்களுக்கு மொழி தெரியாது. அவர்களில் மூத்தவர் எழுந்து, இது என்ன ஒலி என்று பணிவாகக் கேட்டார்.

இயக்குநர் கெட்டித் தலைவரைப் பார்த்தார். கெட்டித் தலைவர் இளகல் தலைவியைப் பார்த்தார். கொள்கையெல்லாம் மறந்து மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் நன்றாகவே பார்த்துக்கொண்டார்கள். பிறகு தலைவி எழுந்து ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"இரும்பு, நிக்கல் தவிர உட்கருவில் ஒரு லேசான பொருள் கலந்திருக்கிறது என்று நாம் எல்லோரும் அறிவோம். அதன் இயல்பு இன்றுவரை பிடிபடாமல் இருந்தது. இன்று பிடிபட்டிருக்கிறது. மிக அதிகமாக அழுத்தினால் அது ஒலி எழுப்புகிறது. என் நண்பர் கெட்டிப் பிரிவுத் தலைவரும் இதை ஒப்புக்கொள்கிறார்." கெட்டித் தலைவர் தலையை ஆட்டினார். இரண்டு கட்சியும் அன்றோடு ஒன்றாகின.

கிணற்றடியில் தையல்காரர் கயிற்றை இழுத்துத் தங்கையை மேலே கொண்டுவந்தார். அவள் முகமெல்லாம் சேறு. தொண்டை கட்டிப்போயிருந்தது. விளிம்பில் உட்கார்ந்து அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டாள். தலைக்குமேல் ஒலிபெருக்கி இரைந்துகொண்டிருந்தது. இரைச்சலில் அவளுக்கு எதுவும் விளங்கவில்லை.

"அவங்களுக்குக் கேட்டுச்சா அண்ணே?"

"கேட்டுச்சும்மா. எல்லாருக்கும் கேட்டுச்சு."

"என்ன பண்றாங்க?"

தையல்காரர் ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்தார். சொல்லாமல் இருக்கத்தான் பார்த்தார்.

"கை தட்டறாங்கம்மா," என்றார்.